வாளிக்குள் நிற்கும் கூரை

“ஏத்தா பாண்டியம்மா, ஒங் கூரை பறந்து வந்து எம் மக முத்துமீனா தலையில விழுந்தா, தை மாசம் மாப்பிள்ளை யாரு கழுத்துல தாலி கட்டுவான்? ஒங் கழுத்துலயா?”

“ஒங்க மக தலை எதுக்குண்ணே எங் கூரைக்குக் கீழ வருது? தலையை ஒங்க வீட்டுக்குள்ள வச்சுக்கங்க!”

“அது எங்க வீட்டுக்குள்ளதான் இருக்கு. ஒங் கூரைதான் எங்க வீட்டுக்குள்ள வரப் போகுது!”

தெருவில் பாதி வீடுகளில் அடுப்பு பற்ற வைத்துவிட்டு ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். என் வீட்டில் பால் பொங்கி வழிந்ததும் அப்போதுதான். போகட்டும், பால் நாளைக்கும் வரும்.

பக்கத்து வீட்டு மொக்கையன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தெரு நடுவில் நின்றார். பாண்டியம்மாள் தன் வீட்டு மாடிப்படியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் இடையில் வெல்டர் தங்கப்பாண்டி, டிரில் மெஷினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கூப்பிட்டவர் பக்கம் நிற்பதா வீட்டுக்காரி பக்கம் நிற்பதா என்று தெரியாமல் பீடியைப் பற்ற வைத்தான்.

விஷயம் புயல். நாகப்பட்டினத்துப் பக்கம் கரையேறுகிற புயல் திண்டுக்கல் வரைக்கும் உள்ளே வரும், இருட்டுகிற நேரத்தில் மதுரைக்கும் காற்று இருக்கிறது என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். புயல் என்பது எங்களுக்கு டி.வி.யில் வருகிற சங்கதி. கடலோரத்தில் இருப்பவர்கள் பாவம் என்று சொல்லிவிட்டு அடுத்த சேனலுக்குப் போய்விடுவோம். இந்த முறை வார்டு ஆபீஸ் ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றியது. மொட்டை மாடித் தகரக் கூரைகளை இறுக்குங்கள், இல்லாவிட்டால் கழற்றுங்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வையுங்கள், காலித் தொட்டி பறக்கும். பிளெக்ஸ் போர்டுகளை இறக்குங்கள்.

பிளெக்ஸ் போர்டை மட்டும் யாரும் இறக்கவில்லை. அதில் இருந்தவர்கள் எல்லாம் அவரவர் மச்சான்கள்.

கதைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக அந்தக் கூரையைப் பற்றிக் கொஞ்சம். பழைய ஆட்கள் இந்தப் பத்தியில் காபி குடித்துவிட்டு வரலாம்.

பாண்டியம்மாளுக்கு ஒரே மகன், செல்வக்குமார். கட்டட வேலைகளில் சூப்பர்வைசர். மருமகள் நாகஜோதி, கொட்டாம்பட்டிப் பெண். கல்யாணமாகி அவள் முழுகாமல் இருந்தபோது சித்திரை வெயில் மாடி அறையைச் சட்டியாகக் காய்ச்சியது. பெண்டாட்டி வேகிறாளே என்று செல்வக்குமார் மொட்டை மாடிக்கு மேலே தகரக் கூரை போட ஆரம்பித்தான். நாலு இரும்புக் கால். ஒவ்வொரு காலுக்கும் அடியில் தகடு. தகட்டைத் தளத்தில் துளை போட்டு போல்ட் வைத்து முடுக்க வேண்டும். முதல் கால் முடுக்கி முடிந்தபோது, கோயிலுக்குப் போயிருந்த பாண்டியம்மாள் தெருமுனையிலேயே டிரில் சத்தம் கேட்டுச் செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“பிள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல ஆணி அடிக்கவே பயப்படுவாக. நீ தளத்தையே குத்துறியாடா?”

அன்றைக்கு இரண்டாவது துளை விழவில்லை. மிச்சம் மூன்று கால்களையும் மூன்று பெயிண்ட் வாளிகளுக்குள் நிறுத்திக் கான்கிரீட்டை ஊற்றினார்கள். பிள்ளை பிறந்த பிறகு ஒழுங்காகப் போல்ட் போட்டுக்கொள்ளலாம் என்று பேச்சு. எங்கள் பக்கம் எத்தனையோ கூரைகள் இப்படித்தான் வாளிக்குள் நிற்கின்றன, நாங்கள் இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

பிள்ளை ஏழாம் மாதத்தில் உயிரில்லாமல் பிறந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில், எல்லோர் முன்னாலும், பாண்டியம்மாள் மகனைப் பார்த்துச் சொன்னாள்: “நீ போட்ட ஓட்டைடா அது.”

நாகஜோதி உடம்பு தேறியதும் கொட்டாம்பட்டிக்குப் போனாள். செல்வக்குமார் கோயம்புத்தூரில் வேலை பார்க்கப் போனான். இரண்டும் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன என்று தெரு முடிவு செய்தது. அந்தத் தீர்ப்பை வாசித்த பெஞ்சில் நானும் இருந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம். துளை போடலாமா என்று யார் கேட்டாலும் பாண்டியம்மாளிடம் ஒரே பதில்தான்.

“எம் மருமக வரட்டும். வந்து பெத்து எடுக்கட்டும். பொறவு போடலாம்.”

வராத மருமகளுக்காக அந்த வீட்டில் ஒரு ஆணி அடிக்கப்படவில்லை. காலண்டர்கூட ஜன்னல் கம்பியில் கயிறு கட்டித் தொங்குகிறது. பல்லியைத் தவிர அந்த வீட்டில் யாரும் முட்டையிடப் போவதில்லை என்று குழாயடியில் ஒருத்தி சொன்னாள். சிரித்தோம். ஆனால் எதிர் வீட்டில் இருக்கிற எனக்கு வேறு ஒன்றும் தெரியும். வாரத்துக்கு ஒரு நாள், வெள்ளிக்கிழமை, பாண்டியம்மாள் வீட்டுக் கொடியில் இரட்டைக் கட்டில் விரிப்பு காயும். அவள் படுப்பது கீழே, பாயில்.

சரி, சண்டைக்கு வருவோம்.

“ஒத்தக் காலு மட்டும் போல்ட்ல நிக்குது, மூணு காலு வாளியில நிக்குது. காத்து அடிச்சா என்ன ஆகும்? கதவு மாதிரி அந்த ஒத்தக் காலைச் சுத்தித் திரும்பும். திரும்புற பக்கம் எம் வீடு இருக்குத்தா!”

“அதான் கனம் ஏத்தி வச்சிருக்கேன்ல. போய்ப் பாருங்க.”

எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தோம். கூரை மேல் செங்கல் அடுக்கு, இரண்டு பழைய டயர், நடுவில் ராஜா மாதிரி ஆட்டுக்கல்.

மொக்கையன் தலையில் கை வைத்தார். “நல்லா இருக்குத்தா. மொதல்ல கூரை மட்டும் வரும்னு பயந்தேன். இப்பக் கூடவே ஆட்டுக்கல்லும் வரும். ஒங்க ஊருல, சோழவந்தான் வெத்தலைக் கொடிக்கால்ல, காத்துக் காலம் வந்தா அகத்தி மரத்துக் கொண்டையை வெட்டி விடுவீகள்ல? இல்ல அது மேல ஆட்டுக்கல்லைத் தூக்கி வைப்பீகளா?”

“எங்க ஊரை இழுக்காதீகண்ணே.”

“தங்கப்பாண்டி, நீ ஏறுடா மேல.”

“ஏறுனா என்னைத் தாண்டித்தான் ஏறணும்,” என்றாள் பாண்டியம்மாள். தங்கப்பாண்டி ஏறவில்லை. இன்னொரு பீடி பற்ற வைத்தான்.

மொக்கையன் அங்கேயே நின்று செல்வக்குமாருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்தான். நல்ல மனுஷன், தெருவை எப்போதும் நினைவில் வைத்துக்கொள்வார்.

“மாப்ள, ஒங்கம்மா டிரில்லு போட விட மாட்டேங்குறா. ராத்திரிக்குள்ள கூரை எம் மாடிக்கு வந்துரும். ஒரு வார்த்தை சொல்லுய்யா.”



“நான் சொன்னா கேக்க மாட்டாக மாமா. பாக்குறேன்.” வைத்துவிட்டான்.

படியில் இருந்த பாண்டியம்மாள் மகனின் குரல் கேட்டதும் லேசாக எழுந்ததையும், போன் வைத்த சத்தம் கேட்டு மறுபடி உட்கார்ந்ததையும் நான் பார்த்தேன். ‘அம்மா இருக்காகளா, குடுங்க’ என்று அவன் கேட்கவில்லை.

சண்டை கலைந்தது. வானம் ஈயப் பாத்திரம் போல இருந்தது, காக்கை ஒன்றும் கண்ணில் படவில்லை. பாண்டியம்மாள் படியை விட்டு நகரவில்லை. மத்தியானம் தட்டைப் படிக்கே கொண்டுவந்து சாப்பிட்டாள். உள்ளே டி.வி. சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. செய்தி வாசிக்கிற பெண் பொதுமக்கள் வெளியே வர வேண்டாம் என்று சொன்னபோது, “நான் எங்க தாயி வெளிய போறேன்” என்று படியிலிருந்தே பதில் சொன்னாள். அந்த வீட்டில் அவளிடம் பேசுகிற ஆள் அந்தச் செய்திக்காரி ஒருத்திதான். அவளும் பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு தெருமுனையில் ஒரு ஆட்டோ திரும்பியது. உள்ளே நாகஜோதி.

வாசலில் இருந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஏதோ வேலை வந்துவிட்டது. நான் கோலம் அழிக்கப் போனேன், கோலம் போடாத வாசலில்.

அவள் இறங்கிப் பையை எடுத்தபோது ஆட்டோக்காரனிடம் கேட்டேன், “கொட்டாம்பட்டிப் பக்கம் மழையாய்யா? மாட்டுத்தாவணியில கூட்டமா?”

“மாட்டுத்தாவணியா? நான் ஆரப்பாளையத்துலல்ல ஏத்திட்டு வாரேன்.”

வெளியூர் ஆட்களுக்கு இது ஒன்றுமில்லாத பேச்சு. மதுரைக்காரிக்கு அப்படி இல்லை. கொட்டாம்பட்டி பஸ் மாட்டுத்தாவணிக்குத்தான் வரும். ஆரப்பாளையத்துக்கு வருவது கோயம்புத்தூர் பஸ். துடைப்பம் என் கையில் நின்றுவிட்டது.

நாகஜோதி நேராக மாடிப்படிக்குப் போனாள். பாண்டியம்மாள் எழுந்திருக்கவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை. முந்தானையால் படியின் ஓரத்தைத் துடைத்துவிட்டாள். மருமகள் உட்காரவில்லை.

“என்னத்தை, எனக்காகத்தான் தொளை போடாம வச்சிருக்கீகளாம்ல. ஊரே சொல்லுது.”

“ஊரு கெடக்கு.”

“அன்னிக்கே ஒங்க மகன் சொன்னாரு. காத்து கூரையை அமுக்காது, கீழ புகுந்து தூக்கும்னு. கனம் வச்சா தாங்காது, கட்டணும்னு. நீங்க கேக்கல.”

“கேட்டுத்தான் ஒரு ஓட்டை விழுந்துச்சே. போதாதா?”

நாகஜோதியின் முகம் ஒரு கணம் அடி வாங்கியது போல ஆனது. தங்கப்பாண்டி பீடியைக் கீழே போட்டு மிதித்தான். அந்தப் பெண் அழுவாள் என்று நான் நினைத்தேன். அழவில்லை.

“அந்தப் புள்ள ஓட்டையால போகல அத்தை. கொடி சுத்திக்கிச்சுன்னு டாக்டரம்மா சொன்னப்ப நீங்க வெளிய நின்னு கத்திக்கிட்டு இருந்தீக. ஒருத்தரும் ஒங்ககிட்டச் சொல்ல வரல. நானும் வரல.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “எவ வயித்துக்காகத் தொளை போடக் கூடாதுன்னு சொன்னீகளோ, அவ வந்து சொல்றேன். போடச் சொல்லுங்க. நாளைக்கு அந்தத் தகரம் முத்துமீனா மேல விழுந்தா, அந்தப் பழியும் ஒங்க மகன் போட்ட ஓட்டை மேலதான் விழும். அதை அவரு தாங்க மாட்டாரு.”

பாண்டியம்மாள் படியில் ஒருபக்கமாக ஒதுங்கி உட்கார்ந்தாள். தங்கப்பாண்டி அந்த இடைவெளியில் மேலே ஏறினான். மொக்கையனும் பின்னால் ஏறினார், ஆட்டுக்கல்லை இறக்க.

இனிமேல்தான் விஷயம்.

மேலே வயரை மாட்டி மெஷினைச் சும்மா ஓட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. நாகஜோதி சட்டென்று பையை எடுத்தாள். வேகமாகத் தெருவைக் கடக்க ஆரம்பித்தாள், என் வீட்டுப் பக்கம். துளை போடுங்கள் என்று சொன்ன அதே பெண், ஒரு கையால் வயிற்றுக்கு நேராகச் சேலையை இழுத்து மூடிக்கொண்டு.

பாண்டியம்மாள் அதைப் பார்த்தாள். நான் அவள் பார்த்ததைப் பார்த்தேன்.

“ஏலே தங்கப்பாண்டி!” அவள் குரல் அப்படி உயர்ந்து காலையில்கூட நான் கேட்கவில்லை. “நிறுத்துடா! அவ ரோட்டைத் தாண்டட்டும்!”

மெஷின் நின்றது. தெருவும் நின்றது. நாகஜோதி நடுத்தெருவில் திரும்பி மாமியாரைப் பார்த்தாள். பிறகு அவள் தலையைக் குனிந்துகொண்டு வந்து என் வாசலுக்குள் ஏறினாள்.

“இப்பப் போடு,” என்றாள் பாண்டியம்மாள், மேலே பார்க்காமல்.

டிரில் கத்தியது. என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நாகஜோதி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். நான் தண்ணீர் கொடுத்தேன். கேட்காமல் இருந்திருக்கலாம். என்னால் எப்படி முடியும்?

“எத்தனை மாசம்?”

“நாலு, சித்தி.”

“செல்வம்…”

“ஒரு வருசமா கோயம்புத்தூர்ல ஒண்ணாத்தான் இருக்கோம்.”

ஒரு வருஷம்! இந்தத் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லிவிடுவேன். இது தெரியாமல் போய்விட்டது.

“அத்தைக்கு?”

“சொல்லல. சொன்னா அங்க ஆணி அடிக்காத, இங்க குழி தோண்டாதன்னு ஆரம்பிப்பாக. எதாவது ஒண்ணு ஆச்சுன்னா மறுபடி அவரைத்தான் சொல்வாக. பொறந்த பொறவு சொல்லிக்கலாம்னு அவரு சொல்லிட்டாரு. இங்க வரமாட்டேன்னுட்டாரு. நான்தான் கேக்காம வந்தேன்.” என் கையைப் பிடித்தாள். “சித்தி, நீங்க யாருகிட்டயும்…”

என்னிடம்! ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லையா அந்தப் பெண்ணுக்கு.

காற்று கிளம்புவதற்கு முன் வேலை முடிந்தது. வாளிகளை உடைத்து, கால்களை அறுத்து, தகடு வைத்து, தளத்தோடு முடுக்கினான். இறங்கி வந்த தங்கப்பாண்டி, கையைத் துடைத்துக்கொண்டே, “மொதக் காலு ஒண்ணுமே பண்ணலக்கா. செல்வம் போட்டதுல ஒரு நூலு அசையல” என்றான்.

நாகஜோதி தெருவைத் தாண்டி மறுபடி அந்த வீட்டு வாசலுக்குப் போனாள். முதல் தூறல் விழுந்தது. கையில் பை. இருந்து போகலாம் என்று வந்த பை அது. மாற்றுச்சேலையின் கரை வெளியே தெரிந்தது.

பாண்டியம்மாள் நிலையில் நின்றாள். அவளுக்குப் பின்னால் டி.வி. பேசிக்கொண்டிருந்தது. மூன்று வருஷமாக அவள் விரித்து விரித்து வைத்த கட்டில் மேலே இருந்தது. காத்திருந்த ஆள் வாசலில் நின்றாள்.

“உள்ள வராத,” என்றாள் பாண்டியம்மாள்.

“அத்தை…”

“இன்னிக்குத் தொளை போட்ட வீடு. நீ உள்ள வராத. ஆரப்பாளையத்துல பஸ் நிறுத்துறதுக்குள்ள கெளம்பு. பின்னாடி சீட்டுல உக்காராத, தூக்கிப் போடும். முன்னாடி உக்காரு.”

ஆரப்பாளையம் என்று அவளும் சொன்னாள். நான் கேட்டது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. உள்ளே போய் ஒரு பையில் எலுமிச்சங்காய் ஊறுகாயும் பொரிகடலையும் எடுத்துவந்து, நிலைக்கு வெளியே கையை மட்டும் நீட்டிக் கொடுத்தாள். என்ன, எத்தனை மாசம், யாரோடு இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. ஆட்டோ திரும்புகிறவரை நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

காற்று வந்தது. மின்சாரம் போனது. எங்கள் மச்சான்கள் எல்லோரும் பிளெக்ஸோடு வயல்காட்டுக்குப் பறந்தார்கள். விடிந்து பார்த்தால், பாண்டியம்மாள் வீட்டுக் கூரை நாலு காலிலும் அப்படியே நின்றது. அதன் பக்கத்தில், அவள் மாடியில், மொக்கையன் வீட்டுக் காலித் தண்ணீர்த் தொட்டி கவிழ்ந்து கிடந்தது. பாண்டியம்மாள் கூரையைக் காப்பாற்றிய அவசரத்தில் மனுஷன் தன் தொட்டிக்கு மோட்டார் போட மறந்திருக்கிறார். அன்றைக்கு முழுக்க அவர் தெருவில் தலை காட்டவில்லை.

காலையில் செல்வக்குமார் அம்மாவுக்கே போன் செய்தான். அவள் வாசலில் நின்றுதான், ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள்.

“கூரை நிக்குதாம்மா?”

“நிக்குது.”

“நாலு காலுமா?”

“நாலும். நீ போட்டதும்.” கொஞ்சம் காத்திருந்தாள். அந்தப் பக்கமும் காத்திருந்தது போல. “சரி, வெயில்ல அலையாத” என்று வைத்துவிட்டாள்.

பிறகு குழாயடியில் என்னிடம் கேட்டாள்.

“ஏ ரெங்கம்மா, ஜோதி எதுக்கு ஒங்க வீட்டு வாசல்ல வந்து நின்னா?”

“வெயிலா இருந்துச்சு மதினி. நெழலுக்கு நின்னா.”

புயலடித்த நாளில். அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“ஆமா. நல்ல வெயிலு.”

தை பிறந்ததும் முத்துமீனா கல்யாணம் முடித்து அலங்காநல்லூருக்குப் போனாள், தலை பத்திரமாக. தங்கப்பாண்டிக்குக் கூரை முடுக்குகிற வேலை குவிந்து ஊமச்சிகுளத்தில் பட்டறை போட்டுக் குடும்பத்தோடு போய்விட்டான். சித்திரையில் நாகஜோதிக்குக் கொட்டாம்பட்டியில் பெண் குழந்தை. ஆடி முடிந்து தாயையும் பிள்ளையையும் செல்வக்குமார் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போனான், அங்கேயே ஒத்திக்கு வீடும் பிடித்துவிட்டானாம். போகிற வழியில் மதுரையில் இறங்கவில்லை. பிள்ளையின் போட்டோ பாண்டியம்மாள் போனில் இருக்கிறது. யார் அனுப்பியது என்று அவள் சொல்லவில்லை. பாருங்களேன், நானும் கேட்கவில்லை.

எங்கும் போகாதவள் அவள்தான். வாளிகளை உடைத்தபோது விழுந்த கான்கிரீட் கட்டிகள் மூன்றையும் வாசலில் வரிசையாகப் போட்டிருக்கிறாள். பெயிண்ட் வாளியின் உருவம் அப்படியே இருக்கிறது, உட்காரச் சரியான உயரம். சாயங்காலம் ஒன்றின் மேல் உட்கார்ந்து தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மற்ற இரண்டையும் காலையில் வாசல் தெளிக்கும்போதே துடைத்துவிடுகிறாள். நேற்று நான் போய் ஒன்றில் உட்காரப் பார்த்தேன்.

“அதுல வேணாம் ரெங்கம்மா,” என்றாள், உள்ளேயிருந்து முக்காலி எடுத்துவந்து போட்டு.